வசந்திக்குப் போட்ட டிக்

12 ஜூன் 1998, வெள்ளி

இன்று பெண்கள் சங்கத்துக்காக எங்கள் சந்தில் கணக்கெடுத்தேன். பள்ளியை விட்ட பெண்களைக் குறித்துக் கொடுத்தால் மாலை வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். நானும் எட்டாவதோடு நின்றவள் என்பதால்தான் அந்த வகுப்பை நடத்தும் ஸ்டெல்லா மிஸ் இந்த வேலையைக் கொடுத்தார்.

வசந்தியும் நானும் சேர்ந்துதான் ஊதுபத்தி உருட்டுகிறோம். ஆனால் அவள் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது அவளுடைய அம்மா, "எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போறா, எழுதிக்கோ" என்றார். குழாயடியில் குடத்தோடு நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

அங்கிருந்து ஒருத்தி, "எந்த ஸ்கூல்ல ஊதுபத்தி உருட்டச் சொல்லித் தராங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தியின் அம்மா என்னையே பார்த்தார். 'பள்ளிக்குப் போகிறாள்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வசந்தி ஓடி வந்தாள்.

"எம் பேர எழுதிட்டியாடி?"

"எழுதிட்டேன்."

"அப்ப கிளாஸுக்குப் போறதுக்குள்ள இந்த ஊதுபத்திக் கறுப்பு போகணும்" என்று உள்ளங்கையைக் கல்லில் தேய்த்தாள்.

காலையில் மிஸ் தாள்களை வாங்க வருவார். பேனாவால் போட்ட டிக்கை இப்போதுதான் கோடு போட்டு அடித்துவிட்டு, 'பள்ளியை விட்டவள்' என்ற கட்டத்தில் போட்டேன். ஏன் அடித்தாய் என்று கேட்பார். சந்தில் நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். "நான்தான் தப்பா போட்டேன் மிஸ்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன்.

அம்மா புரண்டு படுத்து, "யார்கிட்டடி பேசற?" என்கிறாள்.