பசையா, தலையா

அக்கா,

மழை விட்ட காலை. ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு செம்பருத்தி விழுந்து ஒட்டிக் கிடந்தது. எடுக்கும்போது இதழ் நசுங்கி விரலில் ஊதாச் சாயம் ஏறியது. வேலைக்குப் போகிற அவசரத்திலும் அதைக் கழுவ மனம் வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் உங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே சாயத்தை நாம் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் சர்ச் முடிந்து, நேராகப் பஸ் ஏறி, கோயம்புத்தூரில் எங்கள் தபால்தலைச் சங்கக் கூட்டத்துக்கு வந்தீர்கள். கூடத்தில் அதுவரை நான் ஒருத்திதான் பெண். உங்கள் கணவர் அங்கே பழைய உறுப்பினர். அவர் தவறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆல்பங்களை மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு மூன்று பேர் உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "விக்கறதுக்கு வரலீங்க. மெம்பராச் சேந்துக்கலாமுங்களான்னு கேக்க வந்தேன்" என்றீர்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டது நான்தான்.

அந்த ஆல்பங்களில் ஒரு ஜெர்மன் ஷீட் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்தது. ஒரே தாளில் நான்கு தபால்தலைகள். சேகரிப்பவர்களின் கணக்கில், பயன்படுத்தாத தலையின் பின்பக்கப் பசை அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தால்தான் அது முழுமை. உங்கள் கணவருக்கு அது வெறும் கணக்கு அல்ல, விரதம். அந்த ஷீட்டை அவர் கண்ணாடித் தாளுக்குள் வைத்துத் தூரத்திலிருந்துதான் காட்டுவாராம். "பசையில கை படக்கூடாது" என்பது அவர் வீட்டுச் சட்டம். ஆனால் மலையடிவார ஈரத்தில் அந்தத் தாள் பழுப்பேறி, ஓரம் அப்பளம்போல் நொறுங்கத் தொடங்கியிருந்தது. மறு மாதக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து, இதற்கு என்ன வியாதி என்று கேட்டீர்கள்.

அந்தப் பசையிலேயே அமிலம் இருப்பதாகக் கேள்வி என்றார் ஒருவர். அப்படியென்றால் கழுவிவிடலாமே என்று நான் சொன்னதும் கூடமே திரும்பிப் பார்த்தது. எங்கள் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பசை போச்சுன்னா அப்பறம் அதுல என்னுங்க பசை இருக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, நீ மில்லு லேப்புல சாயந்தானே பாக்கற? ஊட்டுக்கு வா. நெசமா அமிலமான்னு மொதல்ல பாத்துப்போடலாம்" என்றீர்கள். அறிந்துகொள்ளும் ஆசைதான் உங்கள் குரலில் இருந்தது. பயம் அதற்குப் பின்னால் எங்கோ நின்றிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நான் பஸ் ஏறியபோது லிட்மஸ் தாளை மறந்துவிட்டேன். நீங்கள் அலட்டிக்கொள்ளவில்லை. வேலியோரம் போய்ச் செம்பருத்தி பறித்து வந்து வெந்நீரில் போட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் செய்த சோதனைதானே என்றீர்கள். உதிர்ந்து கிடந்த ஓரத் துணுக்கைக் கிடுக்கியில் எடுத்தபோது உங்களுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். "நக்கிப் பாத்தா புளிக்குமா கண்ணு?" நான் பதறிக் கையைத் தட்டிவிட்டேன். துணுக்கு ஊதா நீரில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதைச் சுற்றி ஒரு சிவப்பு மெல்ல விரிந்தது.

நீங்கள் கிண்ணத்தை ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தீர்கள்.

"அப்ப இத்தன வருசமா அவரு கண்ணுல வெச்சுக் காப்பாத்துனது இதத்தானா?"

அந்த ஜெர்மன்காரர்கள் பசையில் ஏன் அமிலத்தைக் கலந்தார்கள் என்று கேட்டீர்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், இது தலை போகிற காரியமில்லையே என்று நான் இழுத்தேன். நீங்கள் ஷீட்டைக் காட்டி, "இது நெசமாவே தல போற காரியந்தான் அம்மணி. பசையா தலையான்னா, எனக்குத் தலதான் வேணும்" என்று எழுந்துவிட்டீர்கள். அப்புறம், சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்க்காமலே, "மேல போனா கேப்பாரு. அந்தப் புள்ளதான் கழுவுச்சுன்னு சொல்லிப்போடறேன்" என்றீர்கள்.

நான் தட்டில் தண்ணீர் பிடித்து வந்தேன். நீங்கள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு முகம் சுளித்தீர்கள். அது போர்வெல் உப்புத் தண்ணீர். நான் குழாயை மாற்றித் திறந்திருக்கிறேன். காய்ந்தால் தாளெல்லாம் உப்புப் பூத்திருக்கும். லேபில் இருக்கிறவள் என்று பேர், தண்ணீரைப் பார்க்கத் தெரியவில்லை என்று கேலி செய்துகொண்டே குடத்திலிருந்து நல்ல தண்ணீரைச் சாய்த்து ஊற்றினீர்கள்.

கொசுவலைத் துண்டின் மேல் ஷீட்டைப் படுக்கவைத்து இறக்கினோம். மை கரைந்து ஓடிவிடுமோ என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மை நின்றது. பசைதான் கொழகொழவென்று இளகி, தண்ணீரில் வெளிர்மஞ்சளாக இறங்கியது. தண்ணீரை மாற்றுவதும், மாற்றிய தண்ணீரில் ஒரு சொட்டைச் செம்பருத்திச் சாற்றில் விட்டுப் பார்ப்பதுமாக மத்தியானம் கழிந்தது. சாறு நிறம் மாறாமல் ஊதாவாகவே நின்றபோது நீங்கள்தான் போதும் என்றீர்கள். ஒரு மூலையில் கீறல் விழுந்திருந்தது. அதை நாம் தடுக்க முடியவில்லை.

ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி உலர்த்தினோம். காய்ந்ததும் நீங்கள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டீர்கள். முன்னும் பின்னும் திருப்பினீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். "கல்யாணமாயி வந்ததுலருந்து இது இந்த ஊட்லதான் இருக்குது. இன்னைக்குத்தான் தொடறேன்." குரலில் குறையில்லை. அப்படி ஒரு ஆச்சரியம்.

அடுத்த கூட்டத்தில் மேசையில் அதைப் பின்பக்கம் தெரியும்படி வைத்தீர்கள். பலர் ஒரு பார்வையோடு நகர்ந்துவிட்டார்கள். செயலாளர் மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எந்தத் தண்ணீர் என்று கேட்டார். "குடிக்கற தண்ணிதானுங்க, வேறெது?" என்றீர்கள்.

நீங்கள் போய் இந்த மார்கழியோடு ஒரு வருஷம். நீங்கள் சொல்லி வைத்திருந்தபடி, உங்கள் மகள் அந்த ஷீட்டை என்னிடம் சேர்த்துவிட்டாள். கீறல் வளரவில்லை, நாலு தலைகளும் தெளிவாக இருக்கின்றன. பசையில் ஏன் அமிலம் கலந்தார்கள் என்பதற்கு எனக்கு இன்னும் உறுதியான பதில் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். உங்களிடம் சொன்னால் எதையும் நம்பியிருக்க மாட்டீர்கள். விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்கக் கேட்டால் நான் ஆல்பத்தைத் திறந்து தூரத்தில் பிடிப்பதில்லை. கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிறகு வெளியே எடுத்து, அவர்கள் உள்ளங்கையில் வைத்துவிடுகிறேன்.