இரவல் கொடுத்த பேர்

மாப்பிள்ளே,

இன்று காலை பண்டாரவளையிலிருந்து வந்த மாட்டுவண்டியில் இரண்டு மூட்டை பேரீச்சம்பழம் வந்து இறங்கியது. ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு இப்போதுதான் இந்தச் சரக்கு பதுளைக் கடைவீதிக்கு வருகிறது. முதலாளி ஓலைப்பாயைக் கிழித்து, "பஸ்ரா சரக்குடா அங்கமுத்து, மோந்து பாரு" என்று ஒரு பிடி அள்ளி நீட்டினார். நான் கை நீட்டவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் நல்ல மனுஷர், போய்ப் படு என்று சொல்லிவிட்டார். படுக்க முடியவில்லை. தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற சனங்களுக்கெல்லாம் கடுதாசி எழுதிக் கொடுக்கிற நான் உனக்கு ஒன்றும் எழுதியதில்லை. உனக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு, பொய் சொல்ல வேண்டியதில்லை.

நாம் ஒரே கப்பலில் சிலோனுக்கு வந்து இறங்கியவர்கள். நான் கடைக்கு வந்தேன், நீ ஹாலிஎலைக்கு மேலே தோட்டத்துக்குப் போனாய். பஸ்ரா சண்டைக்கு மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு மலைக்கு வந்தபோது, நீ உன் பிள்ளையைப் புதைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கடைக்கு வந்து உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: "ரெண்டே வருஷம் மச்சான். வந்ததும் செல்லாயியக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிடுவேன். இந்த லயத்துல இன்னொரு புள்ளயப் பொதைக்க என்னால ஆவாது."

ஆனால் தோட்டத்து ஆள் வெளியே போகத் துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். துண்டில்லாமல் போனவனைப் பிடித்து மறியலில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கங்காணி உனக்குத் துண்டு வாங்கித்தர மாட்டேன் என்றுவிட்டான். கடை ஆளான எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. "அப்ப உன் பேரக் குடு" என்றாய், வெற்றிலை கேட்பதுபோல. நானும் வெற்றிலை கொடுப்பதுபோலத்தான் கொடுத்தேன்.

மூன்று நாள் உனக்குப் பாடம் நடத்தினேன். பேரென்ன, அப்பன் பேரென்ன, ஊரென்ன என்று கேட்கக் கேட்க, பிசகாமல் சொன்னாய். எனக்கே பெருமையாக இருந்தது. கடைசி நாள் நீ வாசல் தாண்டியதும், பின்னால் நின்று "அங்கமுத்து!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். நீ பாட்டுக்கு நடந்துபோனாய். ஓடிவந்து உன் முதுகில் ஒன்று வைத்தேன். "அட போடா, அங்க யாரு பின்னாடி நின்னு என்னயக் கூப்புடப் போறா?" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு உன்னை வண்டியேற்றி அனுப்பினேன். இன்னும் நாலு நாள் நிறுத்தி வைத்திருக்கலாம். என்ன அவசரம் எனக்கு?

ஏழெட்டு மாதம் கழித்து ஊரிலிருந்து என் அண்ணன் முதலாளிக்குக் கடுதாசி போட்டிருந்தான். முதலாளிக்குக் கண் மங்கல், நான்தான் வாசிக்க வேண்டும். "சர்க்கார் காகிதம் வந்தது. தம்பி அங்கமுத்து பஸ்ராவில் காலமானான். கருமாதி முடித்துவிட்டோம். அவன் துணிமணி இருந்தால் அனுப்பிவைக்கவும்." முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எவனோ ஒரு அங்கமுத்து செத்தா உனக்குக் கருமாதியாடா?" என்றார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன் மாப்பிள்ளே. சிரித்துக்கொண்டே, உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவுக்குப் பதில் எழுதினேன். அன்றைக்கு என் வாய் எப்படிச் சிரித்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே உன் பெண்சாதி செல்லாயி சந்தைக்கு வந்தாள். நெற்றி நிறையப் பொட்டு, தலையில் பூ. "அண்ணே, கடுதாசி ஏதும் வந்துச்சா?"

"இல்ல தங்கச்சி."

இதையே ஒரு வருஷத்துக்கு மேல் சொன்னேன். உண்மையைச் சொன்னால் கள்ளப்பேர் கொடுத்ததற்கு என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். செத்தது உண்மையிலேயே வேறொரு அங்கமுத்துவாக இருக்கக்கூடாதா என்ற நப்பாசையும் இருந்தது. எது பெரியது என்று கேட்டால், பயம்தான் பெரியது. நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்கும் தெரியும்.

சண்டை முடிந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தபோது, கடை பாக்கி வசூல் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு உன்னைத் தேடிப் புறப்பட்டேன். ஹல்துமுல்லையில் பஸ்ரா போய்வந்த ஒருவனைக் கண்டுபிடித்தேன். மணல்காற்றில் ஒரு கண் போய்விட்டது அவனுக்கு. பழையபடி மலையில் ஏறித் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். "எந்தப் பேரச் சொல்லித் தேடுறீங்க? அங்க பாதி ஆளுகளுக்குச் சொந்தப் பேரு கெடையாதுங்க. தம்பி பேருல அண்ணன், செத்தவன் பேருல இருக்கிறவன்" என்றான். அப்புத்தளை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற ஒருவன் உன் கூட்டத்தில் இருந்தவன் என்று அவன்தான் சொல்லி அனுப்பினான்.

அன்றைக்கு அப்புத்தளையில் பத்தடி தூரத்தில் ஆள் தெரியாத பனி. அவன் பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அங்கமுத்தா? நல்லாத் தெரியுமுங்க. தங்கமான ஆளு. பாவம், காதுதான் மந்தம்."

"காது மந்தமா?"

"ஆமாங்க. பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்ப மாட்டான். தோளத் தட்டணும். நாங்க போயி ஒரு மாசங்கூட ஆவல. கப்பல்லேருந்து பாரம் எறக்கயில சங்கிலி அந்துருச்சு. அவன் நேரா கீழ நிக்கிறான். 'அங்கமுத்து, அங்கமுத்து'ன்னு அத்தன பேரும் தொண்ட கிழியக் கத்துறோம். வேற யாரயோ கூப்புடுறாங்கன்னு நிக்கிற மாதிரி நின்னான். அம்புட்டுதாங்க."

மிச்ச ரொட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டான். உன் பேரைச் சொன்னேன். வேறு எந்தப் பேரைச் சொல்வேன்?

ஹாலிஎலை வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் என் பேர் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நேரே உன் லயத்துக்குப் போனேன். செல்லாயி கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே சுவரோடு சரிந்துவிட்டாள். பேர் மாற்றிக் கொடுத்தது, காகிதம் வந்தது, நான் மறைத்தது எல்லாம் சொன்னேன். என் காலை உடைத்திருக்கலாம் அவள், ஒரு வார்த்தை திட்டவில்லை. "எப்புடிண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பாரம் விழுந்தது என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன், அத்தனை பேர் என் பேரைச் சொல்லிக் கத்தியதைச் சொல்லவில்லை.

கருமாதியை ஆற்றங்கரையில் வைத்தோம். பண்டாரம் பிண்டத்தைப் பிடித்து வைத்துவிட்டு, "செத்தவரு பேரச் சொல்லுங்க" என்றார். புருஷன் பேரைப் பெண்சாதி சொல்வதில்லையே, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "அங்கமுத்து" என்று வந்தது. தூக்கத்திலும் விழிப்பிலும் அந்தப் பேரோடுதானே நீ எனக்குள் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தாய். பண்டாரம் திகைத்துப்போனார். யாரோ ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது செல்லாயி எழுந்தாள். கல்யாணமான நாள்முதல் ஒருதரம்கூட உன் பேரை வாயில் எடுத்திராதவள், ஆற்றைப் பார்த்து அதைக் கத்திச் சொன்னாள். மூன்று தரம் சொன்னாள். மலைப்பக்கம் கொழுந்து எடுத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்து கரையேறும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "இந்த மாதிரி ஒருத்தரு சத்தம்போட்டுக் கூப்புட்டிருந்தா அவரு திரும்பிப் பாத்திருப்பாருண்ணே. அங்க கூப்புட ஒரு ஆளு இல்லாமப் போச்சே."

"ஆமா தங்கச்சி" என்றேன்.

அவள் இன்னும் சந்தைக்கு வருகிறாள் மாப்பிள்ளே. அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறேன். அப்புறம் அரிசியை நிறுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.