‘நாம’ போய் ‘நாங்க’ வந்த கடிதங்கள்

அன்புப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். ‘நாங்கள்’ என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது, ஏன் என்று சொல்கிறேன். கிளினிக்கில் ஊசி போடும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார். வீட்டில் எழுத முடியவில்லை, ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தானே, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

உன் தங்கையின் ஆராய்ச்சி உனக்குத் தெரியும். வெளிநாடு போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம், தமக்கென்று எழுதி வைத்த டைரி, இதையெல்லாம் திரட்டி, போன இடத்தில் அவர்கள் பேச்சு எப்படி மாறிப்போனது என்று பார்க்கிறாள். அந்தக் காலத்தில் கப்பலில் சமையல்காரராகப் போன ஒருவரின் டைரியை வாங்கி வந்து பூனைக்குட்டி மாதிரி மடியிலேயே வைத்திருந்தாள். ஒரே ஆள் பல வருஷம் விடாமல் எழுதிய கடிதங்கள்தான் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டவள், திடீரென்று “அம்மா, அண்ணன் லெட்டரெல்லாம் பீரோவுலதானே இருக்கு” என்றாள். அப்பாவுக்குக் காது போனபிறகு போனில் பேசிப் பயனில்லை என்று எழுத ஆரம்பித்தாயே, அத்தனையும் இருக்கிறது. நானும் யோசிக்காமல் எடுத்துக்கோடி என்றுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போதுதான் வினை வந்தது. என்ன கண்டுபிடிச்சே என்று அப்பா ஆசையாகக் கேட்டார். அவள் ஏதோ முணுமுணுத்தாள். “என்ன?” என்றார். கொஞ்சம் உரக்கச் சொன்னாள். மறுபடியும் “என்ன?” என்று காதை நீட்டினார். மர மில்லில் கொடுத்துவிட்டு வந்த காது, உனக்குத் தெரியாததா. கடைசியில் அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி, “அண்ணன் ‘நாம’ன்னு எழுதறதையே விட்டுட்டாம்ப்பா! எல்லாம் ‘நாங்க’, ‘நாங்க’தான்!” என்று கத்தினாள். முன்பெல்லாம் நாம மாடியில ஒரு ரூம் கட்டணும், நாம அந்தப் பழைய ஸ்கூட்டரை வித்துடலாம் என்று எழுதுவாயாம். இப்போது நாங்க கடைக்குப் போனோம், நாங்க வீடு மாத்தினோம் என்றுதானாம். எங்களைச் சேர்த்துக்கொள்கிற சொல் போய், எங்களை வெளியே நிறுத்துகிற சொல் வந்திருக்கிறது. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். “அவன் எழுதினது லெட்டரு, ரத்த டெஸ்ட்டு இல்ல” என்றார். எல்லாவற்றையும் வாரி பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குறை சொல்லலப்பா, போனவங்க எல்லாருக்கும் இப்படித்தான் மாறும், அந்தச் சமையல்காரர் டைரியிலயும் இதேதான் என்று அவள் அழுதாள். அது அவர் காதில் விழவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு டிரைவர் மனைவி, “உங்க பையன் எதையோ விட்டுட்டானாமே, சிகரெட்டா?” என்று விசாரித்தாள். சிரிக்கவும் முடியவில்லை.

ஒரு நிமிஷம், கட்டு மாற்ற ஒருவர் வந்திருக்கிறார்.

வந்துவிட்டேன். புதன்கிழமை உன் கடிதம் வந்தது. எப்போதும் பிடுங்கிப் பிரிப்பவர், அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பிரியுங்களேன் என்று சைகை காட்டினால் நீயே படி என்கிறார். பயந்துவிட்டார். எனக்கும் அதே பயம்தான், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன், தொடவில்லை.

நேற்று நான் வேலை முடிந்து வந்தபோது பீரோ திறந்திருந்தது. கட்டில் நிறைய உன் கடிதங்கள். புதியதையும் பிரித்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் சின்னவளைக் கூப்பிடச் சொன்னார். “போன புதுசுல எழுதினதைப் பாரு. நம்ம வீட்டுக் கதை வந்தாத்தான் ‘நாம’. மத்ததெல்லாம் நான், நான். நானே சமைச்சேன், நான் மட்டும் பார்க்குக்குப் போனேன், காய்ச்சல்ல நான் தனியாக் கிடந்தேன். இப்பதான் ‘நாங்க’ன்னு சொல்ல அவனுக்கு ஆள் இருக்கு. அதையும் சேர்த்து எழுதிக்கோ” என்று சாவியை அவள் கையில் வைத்தார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களை வருஷப்படி அடுக்க ஆரம்பித்தாள்.

அவர் நிம்மதியாகிவிட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்த ‘நாங்க’வில் யார் யார்? கூட வேலை செய்கிறவர்களா, அறையில் இருக்கிற பையன்களா? ‘நாங்க ஜன்னலுக்குப் புதுத் திரை மாத்தினோம்’ என்று எழுதியிருக்கிறாய். பையன்கள் சேர்ந்து எந்த வீட்டிலடா ஜன்னல் திரை மாற்றினார்கள்? யாராக இருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், மறைக்காதே.

உன் கடிதங்களை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா வேண்டாமா என்று தங்கைக்குத் தனியாக எழுதிவிடு, நீ வேண்டாமென்றால் அவள் தொடமாட்டாள். இதைப் படித்துவிட்டு எங்களுக்காக வலிய ‘நாம’ போட்டு எழுதாதே, அவளுக்கு முன் அப்பா கண்டுபிடித்துவிடுவார். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. டாக்டர் வண்டி வந்துவிட்டது.

ஒரு குறையுமில்லாமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். உன்னோடு இருக்கிறவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேரை எழுத மறக்காதே, பேர் தெரியாமல் எப்படி வாழ்த்துவது.

உன் அம்மா