குகன் இல்லாத வரிசை

1986 ஒக்டோபர், ஞாயிறு. சூக், சுவிற்சர்லாந்து.

எங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் அணி வரிசையில் இரண்டு டைட் எண்ட் வைத்து ஆடுகிறது. ஒருவன் பந்துக்கு ஓடுவான், மற்றவன் எதிராளியை மறிப்பான். அந்த இருவர் நானும் குகனும். எந்த வேலை யாருக்கு என்று தமிழில் கத்துவோம். எதிரணிக்கு விளங்காது.

"நீ ஓடு, நான் மறிக்கிறன்!"

இன்று குகனின் இடத்தில் ஒரு சுவிஸ்காரன். பழக்கதோஷத்தில் அவனிடமும் தமிழில் கத்திவிட்டேன். அவன் மரம் மாதிரி நின்றான். பந்து புல்லில் விழுந்தது.

"மற்றத் தமிழன் எங்கே?" என்றார் பயிற்சியாளர். காய்ச்சல் என்றேன்.

அகதி மனு தள்ளுபடியான எங்கள் இருவரையும் தேடி இன்று காலையில் நாங்கள் வேலைசெய்யும் உணவகத்துக்குப் பொலிஸ் வந்தது. சமையலறைக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு குகன் கத்தியதும் மைதானத்தில் கத்தும் அதையேதான்.

ஓடிவிட்டேன்.