காளிராஜ் விற்க மறுத்த செட்

ஜூன் 8, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேலை: மாவு அரைக்க, போர்வை துவைக்க, செட் பார்க்க. முதல் இரண்டும் முடிந்தது.

பழைய பாட்டு செட்டின் ஒயரை எலி கடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாட்டு இல்லையென்றால் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் காளிராஜ் கடை. டிவி, ரேடியோ, கல்யாண மைக் செட் எல்லாம் அவன்தான். எங்கள் தெருவில் மிக்ஸி வாங்கினால்கூட அவன் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான்.

இவர் பட்டாசு கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற ஆள், முப்பது வருஷமாக. பழக்கம் விடுமா? ஸ்பீக்கரைக் கடைக்கு வெளியே காலி இடத்தில் வைக்கச் சொல்லி, வெடி டெஸ்டுக்கு நிற்கிற மாதிரியே நாலு மீட்டர் அடி வைத்து அளந்து, தள்ளி நின்று கேட்டார்.

"நமத்துப் போச்சு தம்பி. வேற காட்டுங்க."

மூன்று செட்டும் நமத்துப் போச்சாம். கடைசியில் திருவிழாவுக்கு வைக்கிற ஆளுயரப் பெட்டி. எதிர் டீக்கடையில் கிளாஸ் நடுங்குகிறது. அப்போதுதான் இவர் முகத்தில் சிரிப்பு. "இதுல்ல வெடி!"

காளிராஜ்: "அண்ணாச்சி, உங்க ரூமு பத்துக்குப் பன்னெண்டு. இது வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

விற்க மாட்டேன் என்கிற கடைக்காரனை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

காற்று. ஒரே புழுதி. நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் லோடு. கட்டுக் கட்டியே இடுப்பு போச்சு.

மகள் கோவையிலிருந்து போன். ஏழாம் மாசம் அவளுக்கு. இவரிடம் கொடுத்தேன். "சரிம்மா, சரிம்மா, வைக்கட்டா?" அரை நிமிஷம்தான். அவள் திரும்ப எனக்குக் கூப்பிட்டு ஒரே அழுகை. "அப்பாவுக்கு எம்மேல ஏதும் கோவமாம்மா? என்ன சொன்னாலும் சரிம்மாங்காரு."

கோபமில்லை, பெண்ணே. காது. அவரே ஒத்துக்கொள்ளவில்லை, உனக்கு எப்படிச் சொல்ல? நாலு வருஷமாக இந்த வீட்டில் நான்தான் மைக் செட். காது என்று பேச்செடுத்தால் மூன்று நாள் முகம் கொடுக்க மாட்டார். கம்பெனியில் வெடி டெஸ்ட் கிரவுண்டில் நிற்க விட மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். நாளைக்குப் பேரப்பிள்ளை பேசினால் அதற்கும் "சரிம்மா" என்பாரே என்று எனக்குப் பயம்.

ஜூன் 10, செவ்வாய்

பிரஸ் விட்டு வரும்போது காளிராஜ் கடை. நான் மட்டும்.

"அக்கா, செட்டுல குறை இல்ல. அண்ணாச்சி எந்நேரமும் வலது காதத்தான் காட்டி நிக்காக, பாத்தீகளா?"

பார்க்காமலா இருப்பேன்.

"பெரிய பெட்டிய வித்தா எனக்கு லாபந்தான். அவுகளுக்கு இருக்க காதும் போயிரும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, நான் பேசுதேன்."

சண்டை வருமே தம்பி என்றேன். சிரித்தான்.

ஜூன் 11, புதன்

வந்தது சண்டை. காளிராஜ் சுற்றி வளைக்கவே இல்லை. "அண்ணாச்சி, முதல்ல காது டாக்டரு. பெறகு செட்டு."

"ஏலே, சத்தம் அளக்க கம்பெனி மீட்டரவிட என் காது கரெக்டு. யாருகிட்ட பேசுத?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கே மூஞ்சியை வைப்பது என்று தெரியவில்லை.

காளிராஜ் தன் காதுக்குப் பின்னால் கைவிட்டு, மொச்சைப் பயறு அளவில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். காது மிஷின்.

"இருபது வருசம் மைக் செட்டு பக்கத்துலயே நின்னேம்லா. அஞ்சு வருசமா இதுதான். ஊருல யாருக்கும் தெரியாது."

ஊரே நம்புகிற காது! இவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. "பாட்டு நல்லாக் கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். காளிராஜ், "என்ன அண்ணாச்சி?" என்றான். மிஷின்தான் இவர் கையில் இருக்கிறதே! வழக்கம்போல நான் கத்திச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு.

ஜூன் 14, சனி

தூறல். விருதுநகர், காது டாக்டர். கண்ணாடி ரூமில் உட்கார்த்தி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இவர் பாஸாக வேண்டும் என்று சும்மாவும் அமுக்கியிருக்கிறார்.

டெஸ்ட் எடுத்த பெண்: "ஐயா, நான் இன்னும் சத்தமே வைக்கலியே."

மறுபடி முதலிலிருந்து. இடது ரொம்ப மோசம், வலது பரவாயில்லை. மிஷின் அடுத்த வாரம். கம்பெனி போர்மேனுக்கு இவரே போன் போட்டுச் சொன்னார். மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அப்படியே இருக்குமாம், காதை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமாம். இதற்கா இவ்வளவு நாள் பயந்தார்?

எண்ணெய் பரோட்டா, இரண்டு பேரும். இவர் நாலு.

ஜூன் 21, சனி

மிஷின் மாட்டியாச்சு. காலையிலிருந்து ஒரே பல்லவி: "ஏன் கத்துத?" எனக்குக் குரல் இறங்க மாட்டேன் என்கிறது. ஃபேனுக்கு இம்புட்டுச் சத்தமா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

மேகமூட்டம். காளிராஜ் செட் மாட்டினான். அவன் சொன்ன சின்ன செட், இரண்டு பெட்டி. பீரோ மேல் வைக்கப் போனேன். "உக்காந்தா காது மட்டத்துக்கு இருக்கணும் அக்கா." இவர் நாலு மீட்டர் தள்ளி நின்று கேட்கப் பின்னால் போனார். சுவர் முட்டிவிட்டது.

மகள் போன். பத்து நிமிஷம் பேசினேன்: சத்து மாத்திரை, வளைகாப்புச் சேலை, வீட்டு ஓனரம்மா. பிறகு இவரிடம் கொடுத்தேன். பாட்டை நிறுத்தினார். பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமான "சரிம்மா" வரவில்லை.

"ஏம்மா, மூக்கடைச்சுப் பேசுத? சளியா? ராத்திரி தூங்கலியா?"

அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது. பத்து நிமிஷம் பேசியும் அவளுக்குச் சளி என்று எனக்குத் தெரியவில்லை.

முக்கால் மணி நேரமாச்சு. போன் இன்னும் என் கைக்கு வரவில்லை.