குமிழி நகரும் கல்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். காலை எட்டுக்கே முதுகு எரிகிறது. பைக் பஞ்சர். பஸ்ஸில் சிங்கவரம், மாமனார் வீடு. சகலை குமார் லாரி ஓட்டப் போய்த் திரும்பியிருக்கிறான். ஆகவே கோழி. நான் மட்டும் போனால் ரசம்.

மகாராஷ்டிரத்தில், கிணறு தோண்டிப் போட்ட மண்ணில் ஒரு கல் பொறுக்கினானாம். எலுமிச்சை அளவு. ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கிறது. வெயிலில் பிடித்துச் சாய்த்தால் உள்ளே தண்ணீர். அதில் ஒரு குமிழி நகர்கிறது.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அகேட். அதுவும் தண்ணீர் அடைபட்டது. ஜியாலஜி படித்த நான் படத்தில் மட்டும் பார்த்தது. பத்தாவது ஃபெயில் ஆனவன் காலில் இடறுகிறது.

என்ன கல் என்று கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 6, செவ்வாய்

குவாரியில் மிஷின் ரிப்பேர். சும்மா உட்கார்ந்து எழுதுகிறேன்.

எப்படி உண்டாகிறது: எரிமலைக் குழம்பு ஆறும்போது காற்றுக் குமிழி நின்ற இடம் பொந்தாகிவிடும். கல் கரைந்த தண்ணீர் அதில் கசியும். ஓரத்தில் ஒரு படலம், அதன் மேல் இன்னொன்று. வரி வரியாக. நடுவில் மிச்சத் தண்ணீர் மாட்டிக்கொள்வது அபூர்வம். கோடிக்கணக்கான வருஷம். செஞ்சி மலை முழுக்கப் புரட்டினாலும் கிடைக்காது. இங்கே பாறை பூமிக்குள் மெல்ல ஆறியது.

சூடு ஆகாது. தண்ணீர் விரிந்தால் வெடிக்கும்.

வாங்க: டியூப், கடலை எண்ணெய், அல்சர் மாத்திரை.

மே 8, வியாழன்

மனைவி மீனா சொன்னது. அவள் தங்கை செல்வி, குமார் மனைவி, கல்லைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாளாம். இரண்டு முறை கரு கலைந்தவள். இப்போது ஐந்தாம் மாதம். "கல்லுக்குள்ளயே தண்ணி இவ்ளோ காலம் தங்கியிருக்குது, எனக்குத் தங்காதா" என்கிறாளாம். குமிழியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு.

தெருவே வந்து பார்க்கிறது. குமாருக்கு நாற்காலி போடுகிறார்கள். வயிறு எரிகிறது. மாத்திரைக்குக் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

சிங்கவரம். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: கண்ணாடி. பட்டறையில் தண்ணீர் அடைத்து விற்பது. எங்கேயோ வாங்கிவிட்டுக் கதை விடுகிறான்.

குமார் முகம் கறுத்தது. "சத்தியமா மண்ணுலேர்ந்து எடுத்தேண்ணா. கற்பூரம் அணைக்கிறேன்."

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் இந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. தட்டு எடுக்கப் போனான்.

"தட்டு எதுக்குப்பா. கல்லு மேலயே ஏத்து. நெசக் கல்லுன்னா தாங்கும்."

குரல்கூடப் பிசகவில்லை எனக்கு.

கல் மேல் மூன்று கட்டி வைத்து ஏற்றினான். அணைக்கக் கை நீட்டுவதற்குள் டப். தண்ணீர் ஒரு ஸ்பூன்கூட இருக்காது. செல்வி வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"தாங்கலியே மாமா," என்றாள்.

மீன் குழம்பு. எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். இரண்டு துண்டு.

மே 13, செவ்வாய்

வெயில் குறையவில்லை. குமார் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தான். எவனோ எறிந்த கண்ணாடியைப் பொறுக்கி ஏமாந்துவிட்டானாம். என்னிடம் மன்னிப்பு. "எங்கனா போட்டுடுங்கண்ணா. அவ கண்ணுல படக் கூடாது." செல்வி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

தலையாட்டி அனுப்பினேன். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மயிரிழை வரிகள். எண்பது வரை எண்ணிக் கண் வலித்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் தொட்டதே இல்லை.

வருத்தம் உண்டு. கல்லுக்காக.

மே 14, புதன்

மீனா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "கண்ணாடின்னா பீரோல எதுக்குப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பீரோ திறந்து கிடக்கிறது. பொட்டலம் இல்லை. லென்ஸும் இல்லை. வாசலில் அவள் செருப்பு இல்லை.

சிங்கவரம் பஸ் ஐந்தே காலுக்கு. இப்போது ஐந்தரை.