பள்ளி மச்சிலிருந்து இறங்கிய சிப்பிப் பெட்டி

மஸ்கட்டில் இருக்கும் அருமை மகள் ஹஃப்ஸாவுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒன்றுக்கொன்று துணையாக நலம், அங்கே நீயும் மருமகனும் பிள்ளைகளும் நலமென்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ சரிம்மா சரிம்மா என்று குக்கரைப் பார்க்க ஓடிவிடுவாய், இது பாதியில் விடுகிற சங்கதி இல்லை. அஞ்சாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் நீயே சேர்த்து வாசித்துக்கொள். முதலில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது. போன வியாழக்கிழமை காலை பத்து மணி, பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா வராந்தா. இருந்தவர்கள் நான், உன் அத்தாவின் அக்கா பீவி குப்பி, கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் லீவு போட்டு என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போன உன் அண்ணன் மகன் சஜ்ஜாத், பள்ளி ஹஜ்ரத், செயலாளர் அபுதாகிர், மச்சைப் பிரிக்க வந்த மர ஆசாரி ஜோமோன். ஆக ஆறு பேர்.

பள்ளிக்குப் புதுக் கூரை போடுகிறார்கள் மகளே. கிழிந்துபோன குர்ஆன் தாள்களைக் கண்ட இடத்தில் போடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு துணியில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்போமே, அதெல்லாம் அந்த மச்சில்தான் கிடந்தது. அதற்கு மேலே காலை வைக்கப் பயந்து ஒருத்தரும் ஏறியதில்லை. இப்போது வேறு வழியில்லாமல் சாக்குச் சாக்காக இறக்கினார்கள். தைக்கக்கூடியதை ஒதுக்கி, மற்றதை வெள்ளைத் துணியில் கட்டிக் கபர்ஸ்தான் ஓரத்தில் அடக்க வேண்டும், கண் தெரிகிற பெண்கள் வரட்டும் என்று ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். உன் குப்பிக்குக் கண் தெரியாது, நான் போகிறேன் என்று காதில் விழுந்ததும் அவளும் கிளம்பிவிட்டாள்.

கடைசியாக ஜோமோனும் சஜ்ஜாதும் சாக்கு சுற்றிய ஒரு சாமானைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஏனுங்க, இது யாரூட்டுதுன்னு ஆருக்காச்சும் தெரியுங்களா என்று அபுதாகிர் கேட்டார். சாக்குக்குக் கீழே நாலு குட்டைக் கால் தெரிந்தது, அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. சாக்கை யாரும் தொடாதீங்க, நான் சொல்லி முடிச்சப்புறம் பிரிங்க என்று கத்தினேன். தேக்குப் பெட்டி, மூடியில் மரத்தைக் குழித்துக் கருங்காலியும் எலும்பும் சிப்பியும் பதித்த ஒன்பது நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் எட்டு முனை, இடது மூலை நட்சத்திரத்தில் ஒரு சிப்பி விழுந்துபோய் அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் இருக்கும், பொத்தானின் நாலு ஓட்டையையும் அரக்கு வைத்து அடைத்தவள் நானே, கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஜோமோன் சாக்கை அறுத்து ஈரத்துணியால் துடைத்தான். ஒன்று, இரண்டு என்று ஒன்பதும் வெளியே வந்தது. வெயில் பட்டதும் அந்தச் சிப்பி பச்சையும் ரோஸுமாக மின்னியதைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே! இடது மூலையைத் துடைத்தவன், என்டம்மச்சீ, பட்டன் தன்னே என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஹஜ்ரத் அல்லாஹு அக்பர் என்றார். சஜ்ஜாத் பெட்டியை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தான். உன் குப்பி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஏன் திறக்கவில்லை என்பது உனக்குப் பாதிதான் தெரியும், முழுதும் கேள். அது உன் நன்னி, அதாவது என் மாமியார், தன் கல்யாணத்தில் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி. குர்ஆனும், அதை விரித்து வைத்து ஓதுகிற ரைஹால் பலகையும் அதற்குள்தான் இருக்கும். நீ என் வயிற்றில் ஏழு மாதம். மாமியார் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கித் திரும்பினால் குர்ஆனும் பலகையும் அலமாரியில் இருக்கிறது, பெட்டியைக் காணோம். அதே வாரம் கோவிந்தாபுரத்திலிருந்து என் தம்பி, உன் காஜா மாமு, கடலை மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு என் தையல் மிஷினைச் சாக்கில் சுற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோயிருந்தான். பீவி குப்பி அதைப் பார்த்துவிட்டு, ஜைனம்பு பெட்டிய தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துட்டா என்று சொல்லிவிட்டாள். மிஷின் திரும்பி வந்தும் நம்பவில்லை, நான் சத்தியம் செய்தும் நம்பவில்லை. மிஷினைக் கொண்டுவந்த அன்று காஜாவும் உன் அத்தாவும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திருட்டுக் கைக்கு எங்கூட்டுச் சோறு எதுக்கு என்று மாமியார் கேட்டார். காஜா சோறு ஒட்டிய கையோடு எழுந்து போனான். பதினோரு வருஷத்துக்கு முன் அவன் மவுத்தாகும்வரை இந்த வாசலை மிதிக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். அபுதாகிர் மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பழைய தாள், அதற்கு மேலே ஒரு துண்டுச் சீட்டு. ஹஜ்ரத் சத்தமாக வாசித்தார். எங்கள் வீட்டுப் பழைய தாள்கள், கட்டத் துணி கிடைக்கவில்லை, பெட்டியோடு கொண்டுவந்தேன், பெட்டியும் இனிப் பள்ளிக்கே, குஞ்சு முகம்மது. உன் அத்தா எழுத்து, மகளே! அந்த கு-வின் சுழியை நம் மளிகைக் கடைச் சீட்டில் நான் ஆயிரம் தடவை பார்த்தவள். கிழிந்த தாளைச் சுமந்து பள்ளிக்குள் போன பாத்திரம் திரும்பி வீட்டுக்கு வராது என்பது நம் வழக்கம், அதனால்தானே துணியில் கட்டுவோம். அவர் அவசரத்தில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பாங்கு சொல்லும் மோதினார் அப்படியே மச்சில் ஏற்றியிருப்பார். திருப்பிக் கேட்க வழியில்லை, தாயிடம் சொல்லத் தைரியமில்லை.

நான் பெட்டியைக் கேட்கவில்லை. அது பள்ளிக்கே இருக்கட்டும், குர்ஆன் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சீட்டை மட்டும் கேட்டேன், ஹஜ்ரத் கொடுத்தார். பிறகு உன் குப்பியின் கையைப் பிடித்து, வா, கோவிந்தாபுரம் போவோம் என்றேன். எனக்குத் தலைய சுத்துதுடி என்றாள். ஆட்டோவுலயும் சுத்தும், ஏறு என்றேன். ஏறினாள். வழி முழுக்க ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தாள், நான் ஓரத்தில் உட்கார்ந்து காற்றில் சின்னப் பிள்ளைபோல் சிரித்துக்கொண்டே போனேன். காஜாவின் பெண்டாட்டி, உன் மாமி, நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குப்பி முற்றத்தில் நின்று, உம் புருஷன் எடுக்கல, நாந்தான் பார்க்காதத பார்த்ததா சொன்னேன் என்றாள். எண்பத்திரண்டு வயதுப் பொம்பளை, நான் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. இதச் சொல்ல இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களே, உக்காருங்க என்றாள் உன் மாமி. பிறகு டீ போட்டாள், பிறகு மூன்று பேரும் அழுதோம், பிறகு அவள் மகனைக் கூப்பிட்டு அந்தச் சீட்டை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை நானும் கூடவே சொன்னேன். என் தம்பி பேர் சுத்தமாகிவிட்டது ஹஃப்ஸா! நாலு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பீவி குப்பியைப் பொறுத்துக்கொண்டேன், அவள் என் பிரியாணியை நெய்ச்சோறு என்று சொன்னதைத் தவிர. என் மாமியாரையும் பொறுத்துக்கொண்டேன், அவருக்கு உண்மை தெரியாது. நீ உடம்பைப் பார்த்துக்கொள், சர்க்கரை மாத்திரையை நோன்பு காலத்தில் உன் இஷ்டத்துக்கு நிறுத்தாதே, டாக்டரைக் கேள். மாமிக்கு இந்த வெள்ளிக்கிழமையே போன் செய், மறக்காதே. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் தரட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்கிற நாக்கும் தரட்டும். இன்னும் ஒன்று எழுதாமல் முடிக்க மாட்டேன். காஜா எழுந்துபோன பிறகு அந்தச் சஹனில் தன் பக்கத்துச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார் ஒருத்தர். மவுத்துப் படுக்கையில், உனக்குத் தர வேண்டிய மஹரைப் பொறுத்துக்கோ என்றார், பொறுத்துக்கொண்டேன். வேறு ஏதாவது இருந்தாலும் பொறுத்துக்கோ என்றார், வேறென்ன இருக்கப் போகுது என்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவருக்காக நீ துஆ கேள், பிள்ளை கேட்க வேண்டியது கடமை, நான் தடுக்க மாட்டேன். ஆனால் மறுமையில் யாரையாவது பொறுத்துக்கொள்ளாமல் வந்திருக்கிறாயா என்று என்னைக் கேட்டால் ஒரே ஒரு பெயர் சொல்லுவேன், குஞ்சு முகம்மது.

இப்படிக்கு,
காஜா மைதீனின் அக்கா,
உன் அம்மா ஜைனம்பு